பங்காய் கார்டினல் மீன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் உப்புத்தண்ணீர் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் "சண்டை போடாத, சின்னதா, அழகா ஒரு மீன் சொல்லுங்க" என்று கேட்டால் நான் பெரும்பாலும் பங்காய் கார்டினலைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கார்டினல்னா அந்தச் சின்ன நீலம் சிவப்பு கோடு போட்ட மீன்தானே? அது நல்ல தண்ணி மீனாச்சே?

நீங்கள் சொல்வது கார்டினல் டெட்ரா. அது தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் நன்னீர் மீன். இங்கே நாம் பேசுவது அபோகோனிடே என்ற குடும்பத்துக் கடல் மீன்களைப் பற்றி. அந்தக் குடும்பத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரல் நீளம்தான் இருக்கும். பகலில் பாறை இடுக்கிலும் பவளக் கிளைகளுக்குள்ளும் அசையாமல் நின்றுவிட்டு, இருட்டியதும் இரை தேடும்.

மீன் கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு. ஒன்று பங்காய் கார்டினல். வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள், துடுப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், நீண்டு பிளந்த வால். இன்னொன்று பைஜாமா கார்டினல். மஞ்சள் தலை, சிவப்புக் கண், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, அதற்குப் பின்னால் பழுப்புப் புள்ளிகள். இரண்டும் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பங்காய் பற்றித்தான் பேசப்போகிறோம். பைஜாமா வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

இதுதான் எனக்கு முதல் கடல் மீன் தொட்டி. சமாளிச்சிடுவேனா?

சமாளிக்கலாம். ஆனால் தொட்டி வாங்கிய வாரமே மீன் வாங்காமல் இருந்தால்தான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பில்டரிலும் குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் கொஞ்சம் அம்மோனியா ஊற்றியோ ஒரு துண்டு இறாலை அழுகவிட்டோ இதைத் தொடங்கலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார்.

கடல் மீனில் தோற்றுப்போகிறவர்களில் பலர் இந்த ஒரு மாதத்தைப் பொறுக்க முடியாமல் தோற்றவர்கள். மீனைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கிட்ட ரெண்டடி தொட்டி சும்மா கிடக்கு. அது போதுமா?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான். கல்லும் மணலும் போக இன்னும் குறையும். ஒரே ஒரு பங்காய் அதில் உயிரோடு இருக்கும். ஆனால் தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பளவும் வேகமாக ஏறி இறங்கும், புதியவருக்கு அதுதான் பெரிய தலைவலி. ஒரு ஜோடிக்கு 110 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டி 130 லிட்டர் பிடிக்கும். நான் பரிந்துரைப்பது அந்த அளவைத்தான்.

உள்ளே கல்லை அடுக்கும்போது குகை போல நிழலான இடங்கள் விடுங்கள். இது வேகமாக நீந்தும் மீன் இல்லை. நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும். அலை போல நீரைத் தள்ளும் வேவ்மேக்கர் பம்ப் இருந்தால் அதை மீன் நிற்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

மெரினாவுல இருந்து ரெண்டு கேன் கடல் தண்ணி எடுத்துட்டு வந்தா போதாதா? உப்பு விலை ரொம்ப இருக்கே.

மெரினாவின் வடக்கு முனையில் கூவமும் தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோரத்தில் உப்பளவே குறைந்துவிடும். கரையில் மொண்ட தண்ணீரில் என்னென்ன வருகிறது என்று வீட்டு டெஸ்ட் கிட் காட்டாது. நகரக் கடற்கரைத் தண்ணீரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரைன் உப்பை ஆர்ஓ தண்ணீரில் கரைப்பதுதான் நம்பகமான வழி. லிட்டருக்கு சுமார் 35 கிராம், அதாவது 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.024 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம், கார்பனேட் எல்லாம் அதில் கிடையாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இப்போது வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் குடிப்பதற்காகச் செம்பு சேர்க்கும் காட்ரிட்ஜ் வருகிறது. இறால், நத்தை, கடல் முள்ளெலி (முள் பந்து போன்ற கடல் உயிரி) போன்றவற்றுக்குச் செம்பு விஷம். உங்கள் மெஷினில் 'காப்பர்' என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மினரல் சேர்க்கும் காட்ரிட்ஜ் இருந்தால் அதன் வழியே போக விடாமல், மெம்பிரேனிலிருந்து (வடிகட்டும் சவ்விலிருந்து) நேராக வரும் தண்ணீரைப் பிடியுங்கள்.

சென்னை வெயிலுக்கு, தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் வாங்கியே ஆகணுமா?

பங்காய்க்கு 24 முதல் 27 டிகிரி நல்லது. மே மாதத்தில் மூடிய அறையில் இருக்கும் தொட்டி 31, 32-ஐத் தொட்டுவிடும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடும். அதனால்தான் கோடையில் மீன்கள் மூச்சு வாங்குகின்றன.

தொட்டியின் மேல்பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் மதுரை, கோவையில் கிடைக்கும் பலன் சென்னையில் கிடைக்காது. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்குக் கடும் வெளிச்சம் தேவையில்லை என்பதால் விளக்கின் சூட்டைக் குறைக்கலாம். இவ்வளவு செய்தும் 29-க்கு மேலேயே நின்றால் சில்லரோ, ஏசி அறையோதான் வழி.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் குறைந்த அளவை உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அப்புறம், மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

கடைக்காரர் ராமேஸ்வரம் பக்கத்து லைவ் ராக்குன்னு சொல்லித் தர்றேங்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். லைவ் ராக் என்றால் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல். இங்கே அப்படி விற்கப்படுவது பெரும்பாலும் பவளப் பாறைத் துண்டு. கல் போன்ற ஓடுள்ள பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எடுப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பல பத்தாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதில் தீவுகளின் கரையே அரித்துப்போனது.

கார்டினல் மீனுக்கு உயிருள்ள கல் தேவையே இல்லை. துளைகள் நிறைந்த செராமிக் கல், சிமென்டில் செய்த செயற்கைக் கல் ஆகியவற்றில் முன்பு சொன்ன பாக்டீரியாக்கள் நன்றாகவே குடியேறும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

கூட்டமா இருந்தாத்தானே அழகு? ஆறு ஏழு வாங்கலாம்னு இருக்கேன்.

கடைத் தொட்டியில் இருபது பங்காய் ஒன்றாக நிற்பதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வரும். அவை பெரும்பாலும் வளராத குஞ்சுகள். பருவத்துக்கு வந்ததும் கதை மாறிவிடும். இரண்டு மீன்கள் ஜோடியாகி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக விரட்டும். விரட்டப்பட்டது சாப்பிடாமல், மேல்மட்டத்தில் ஒதுங்கி, துடுப்பு கிழிந்து சாகும். சில மாதங்களில் ஏழு மீன் இரண்டாகிவிடும். மற்ற இன மீன்களிடம் இவ்வளவு சாதுவான மீன் தன் இனத்திடம் இப்படி நடந்துகொள்ளும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

ஒன்று வாங்குங்கள், அல்லது ஏற்கெனவே ஜோடி சேர்ந்த இரண்டு வாங்குங்கள். கூட்டம்தான் வேண்டும் என்றால் பைஜாமா எடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் ஐந்தாறு பைஜாமா பெரிதாகச் சண்டையில்லாமல் சேர்ந்து நிற்கும்.

ஆண் எது, பெண் எது? வால் நீளமா இருந்தா ஆண்னு சொல்றாங்களே?

துடுப்பு நீளத்தை நம்பாதீர்கள். வயது, உணவு, சண்டையில் கிழிந்தது என்று பல காரணங்களால் அது மாறும். முட்டையை வாயில் சுமப்பது ஆண் என்பதால் வளர்ந்த ஆணின் கீழ்த்தாடை சற்று அகன்று, சதுரமாகத் தெரியும். இதுவும் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும்.

எளிய வழி, கடையில் பத்து நிமிடம் நின்று பார்ப்பது. கூட்டத்திலிருந்து விலகி இரண்டு மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நெருங்கி வரும் மற்றவற்றைத் துரத்தினால், அந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

பண்ணையில பிறந்ததா, கடல்ல பிடிச்சதான்னு கேட்கச் சொல்றீங்க. என்ன பெரிய வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பங்காய் கார்டினல் இந்தோனேசியாவில் சுலாவேசித் தீவுக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டத்துக்கு மட்டுமே உரிய மீன். வால்டர் காடர்ன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1920-இல் சேகரித்த மாதிரிகளை வைத்து 1933-இல்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். பிறகு அறுபது ஆண்டுகள் உலகம் இதை மறந்தே போயிருந்தது. 1990-களின் நடுவில் மீண்டும் கண்ணில் பட்டதும் அலங்கார மீன் வணிகம் பாய்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆண்டுக்குப் பல லட்சம் மீன்கள் பிடித்து அனுப்பப்பட்டன. 2007-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அருகிவரும் இனமாக அறிவித்தது.

பல கடல் மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரம் போகும். ஓரிடத்தில் மீன் குறைந்தாலும் வேறிடத்திலிருந்து வந்து சேரும். பங்காய் அப்படியில்லை. அப்பாவின் வாயிலிருந்து முழு மீனாக வெளியே வரும் குஞ்சு அங்கேயே ஒரு கடல் முள்ளெலியின் முள்ளுக்குள் ஒதுங்கிவிடும். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூட்டம்கூட மரபளவில் தனி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு கரையில் வழித்து எடுத்துவிட்டால் அங்கே திரும்ப வருவதற்கு மீன் இல்லை. ஆனால் மிதக்கும் பருவம் இல்லாத இதே குணத்தால்தான் வீட்டுத் தொட்டியிலும் பண்ணையிலும் இதை எளிதாகப் பெருக்க முடிகிறது. தாய்லாந்துப் பண்ணைகளிலிருந்து இப்போது பெருமளவில் ஏற்றுமதியாகிறது. பிறகு எதற்குக் கடலில் பிடித்ததை வாங்க வேண்டும்?

உங்கள் பணத்துக்கும் அதுதான் நல்லது. பிடித்து இறக்குமதியான பங்காய்களைக் கொல்லும் ஓர் இரிடோ வைரஸை 2009-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மீன் கறுத்து, சோர்ந்து, வெள்ளை நூல் போல மலம் கழித்து, மூச்சு வாங்கிச் சாகும். மருந்து கிடையாது.

சரி, கடையில நல்ல மீனை எப்படிப் பார்த்து எடுக்கிறது?

சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போன்ற இடங்களில் கடை கடையாகப் பார்க்க வசதி உண்டு, அவசரப்படாதீர்கள். உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து தின்ன வேண்டும். வயிறு உள்ளொடுங்கியிருந்தால், கண் மங்கியிருந்தால், அதே தொட்டியில் வேறு பங்காய் செத்துக் கிடந்தால் வெறுங்கையோடு திரும்புங்கள். 3 சென்டிமீட்டர் அளவில் எல்லாம் ஒரே உருவத்தில் இருக்கும் கூட்டம் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விட வேண்டாம். பிவிசி பைப் துண்டுகள் போட்ட சின்னத் தொட்டியில் நான்கு வாரம் தனியே வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அங்கேயே செம்பு மருந்து கொடுக்கலாம். பெரிய தொட்டியில் ஏன் கொடுக்கக் கூடாது என்பதைத் தண்ணீர் பற்றிய பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

வாங்கி வந்து மூணு நாளாச்சு. ஒண்ணுமே சாப்பிடல.

 நடுப்பகலில் பளிச்சென்ற வெளிச்சத்தில் உலர் தீனி தூவினால் புது மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. மாலையில் விளக்கைக் குறைத்து, உயிருள்ள ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால்) போடுங்கள். அசைவதைப் பார்த்தால் பிடிக்கும். அதற்குப் பழகியதும் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற இன்னொரு சிற்றுயிர்) கலந்து கொடுங்கள், அப்புறம் சின்னக் குருணைத் தீனி. மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறாலைக் கழுவி, உறைய வைத்து, பொடியாக நறுக்கியும் போடலாம்.

இரண்டு மீன் இருந்து ஒன்று மட்டும் சாப்பிடவில்லை என்றால் தாடையைக் கவனியுங்கள். வாய் நிறைய முட்டை இருக்கலாம்.

பகல் முழுக்க ஒரே இடத்துல நிக்குது. உடம்பு சரியில்லையா?

அதன் இயல்பே அதுதான். துடுப்பை விரித்து, சீராக மூச்சு விட்டு, தீனிக்கு வந்தால் மீன் நலமாக இருக்கிறது.

நீமோவோட சேர்த்துப் போடலாமா? வேற எதெல்லாம் சேரும்?

கோமாளி மீன், கோபி, பயர்பிஷ் எல்லாம் சேரும். கோமாளி மீன் முட்டையிட்டுவிட்டால் தன் மூலையைக் கடுமையாகக் காக்கும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ஒதுங்கிடம் வேண்டும். டாம்சல் வகைகளைத் தவிருங்கள். சின்னதாக இருந்தாலும் ஓயாமல் சீண்டும். லயன்பிஷ், டிரிகர், களவா வகைகள் பங்காயை விழுங்கிவிடும்.

பெரிய கிளீனர் இறாலுக்கு ஆபத்தில்லை. ஆனால் கார்டினலின் வாய் பெரியது. விரல் நக அளவு அலங்கார இறால்கள் இரவோடு இரவாகக் காணாமல் போகும்.

கடல் முள்ளெலி இல்லாம இது வாழாதாமே?

கடலில் நீள முள் கொண்ட டயடீமா முள்ளெலிகளுக்கு நடுவில்தான் அதிகம் வாழ்கிறது என்பது உண்மை. தொட்டியில் கட்டாயமில்லை. அந்த முள்ளெலி பெரிதாக வளரும், பாசி நிறையத் தின்னும், கை பட்டால் முள் உடைந்து தோலுக்குள் தங்கிக் கடுமையாக வலிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆண் மீனோட தொண்டை வீங்கியிருக்கு, சாப்பிடவும் இல்ல. நோயா?

வாழ்த்துகள், பெரும்பாலும் அது நல்ல செய்திதான். பெண் ஒரு கொத்தாக விடும் முட்டைகளை ஆண் அள்ளி வாயில் வைத்துக்கொள்ளும். முட்டை ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும், எண்ணிக்கை சில பத்துகளில்தான். சுமார் 20 நாளில் பொரியும். பொரிந்த பிறகும் இன்னும் பத்து நாள் போலக் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருக்கும். இத்தனை நாளும் அப்பா எதுவும் சாப்பிடாது.

உடனே பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள். பயத்தில் முட்டையைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று வாரம் கழித்து, இருட்டில், வலைக்குப் பதில் ஒரு டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து அள்ளுங்கள். பைஜாமாவும் இப்படி முட்டை சுமக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் மிகச் சிறிய அளவில் வெளியே வந்து மிதப்பவை. வீட்டில் வளர்ப்பது மிகக் கடினம்.

குட்டி போட்டாச்சு! ஆனா விளக்கு போட்டதும் துடிச்சுச் செத்துப்போகுதே?

திடீர் அதிர்ச்சியில் குஞ்சுகள் சுழன்று விழுவது பங்காயில் தெரிந்த பிரச்சினை. சத்துக் குறைவான தீனியில் வளரும் குஞ்சுகளிடம்தான் இது அதிகம். புதிதாகப் பொரித்த ஆர்டீமியா முதல் நாளிலிருந்தே தின்னும். ஆனால் அதில் மீனுக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு, குறிப்பாக டிஎச்ஏ, போதாது. அந்தக் கொழுப்பு கலந்த என்ரிச்மென்ட் திரவத்தில் ஆர்டீமியாவைச் சில மணி நேரம் வைத்து ஊட்டிவிட்டுக் கொடுங்கள்.

அறை விளக்கை முதலில் போட்டு, சற்று நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் கேபிள் டைகளை ஒரு பந்தில் குத்தி முள்ளெலி போலச் செய்து வைத்தால் குஞ்சுகள் அதற்குள் ஒதுங்கும். பெற்றோரே தின்றுவிடும் என்பதால் தனித் தொட்டி அவசியம்.

ஒரு வருஷமா ஒத்துமையா இருந்த ஜோடி. இப்ப பெண் ஆணை விரட்டி விரட்டி அடிக்குது. ஏன்?

அடுத்த முட்டைக்குப் பெண் சீக்கிரம் தயாராகிவிடும். ஒரு மாதம் பட்டினி கிடந்த ஆணுக்கு உடம்பு தேறியிருக்காது. தொட்டியில் ஒரு தடுப்பு வைத்துப் பிரித்து, ஆணுக்கு இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தீனி போட்டுத் தேற்றுங்கள். சேர்த்த பிறகும் தொடர்ந்தால் பிரித்தே வைக்க வேண்டியதுதான். இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ இருந்தும் இத்தனை நாள் ஒன்றாக இருந்திருக்கலாம். ஒருமுறையேனும் முட்டை வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டிங்க நிறைய ஆயிடுச்சு, இடமில்ல. கடல்லதானே வாழ்ற மீனு, கொண்டுபோய் விட்டுடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். நம் கடல் அதற்குச் சொந்தக் கடல் இல்லை. இந்தோனேசியாவிலேயே வணிகர்கள் கைவிட்ட பங்காய்கள் லெம்பே நீரிணையில் பெருகி, அங்கே இதற்கு முன் இல்லாத ஓர் இனமாக நிலைத்துவிட்டன. தொட்டியில் வளர்ந்த மீனோடு தொட்டி நோய்களும் சேர்ந்து போகும்.

2 சென்டிமீட்டர் தாண்டி, உறைந்த தீனி தின்னப் பழகிய குஞ்சுகளைக் கடல் மீன் கடைகள் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும். காசுக்குப் பதில் உப்போ தீனியோ தருவார்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதென்றால், அவர்கள் தொட்டியில் அம்மோனியா டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.